எண்ணூருக்கு யார் காவல்? சுதந்திரமான சுற்றுச்சூழல் கண்காணிப்பு அமைப்பை மறுத்துவரும் அரசுகளுக்கு எங்கள் சங்கத்தின் கண்டன அறிக்கை

2024 அக்டோபர் 25. திருவொற்றியூர் கிராமத் தெருவில் ஒரு தனியார் பள்ளி. வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குத் தொண்டை எரிந்தது, கண் எரிந்தது, மூச்சு அடைத்தது. சிலர் மயங்கி விழுந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மூடிய பள்ளியை நவம்பர் 4 அன்று திறந்தார்கள். திறந்த அன்றே மறுபடியும் சில பிள்ளைகளுக்கு அதே மூச்சுத்திணறல். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நடமாடும் ஆய்வு வண்டி வந்து நின்றது, காற்றை அளந்தார்கள். அது என்ன வாயு, எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, பெற்றோர் ஏற்கும்படியான பதில் வரவில்லை.

மணலியும் எண்ணூரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர் இது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு 2009-ல் மதிப்பெண் போட்டபோது மணலி 76.32 வாங்கியது. கூடக் கூட ஆபத்து என்று பொருள்படும் மதிப்பெண் அது. எழுபதைத் தாண்டினால் மிகக் கடுமையாக மாசடைந்த பகுதி. 2018-ல் அதே மணலிக்கு 84.15. ஒன்பது ஆண்டு கண்காணிப்பில் ஏறத்தாழ எட்டு புள்ளி ஏறியிருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு வகுப்பறைக்குள் வந்துபோன காற்றின் பெயரைச் சொல்ல முடியவில்லை என்றால், கண்காணிப்பு என்ற சொல்லுக்கு இங்கே என்ன பொருள் என்று கேட்கிறோம்.

இந்த அறிக்கையை எழுதும் எங்களில் கழிமுகத்தில் வலை வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். காசிமேட்டில் மீன் விற்கிற பெண்கள் இருக்கிறார்கள். ஆலைகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போகிறவர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். எங்களில் பலர் வீடுகளில் ஆலைச் சம்பளத்தில்தான் உலை கொதிக்கிறது. ஆகவே தொழிலுக்கு எதிரானவர்கள் என்று எங்களை ஒதுக்கிவிட வேண்டாம். ஆலைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய கண்ணை அரசுகளே கட்டி வைத்திருக்கின்றன என்பதற்காக இந்தக் கண்டனத்தை வெளியிடுகிறோம். மத்திய அரசையும் மாநில அரசையும் சேர்த்தே கண்டிக்கிறோம். கட்சி பார்த்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நாங்கள் சொல்லும் குறை ஐம்பது ஆண்டுப் பழசு, எல்லார் ஆட்சியிலும் இருந்தது.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரியில் அமைக்கப்பட்டது. அதற்கு அடிப்படை 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம். அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவை எங்கள் கூட்டத்தில் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தோம். வாரியத் தலைவரை நியமிப்பது மாநில அரசு. அரசின் பிரதிநிதிகளாக அதிகாரிகள் ஐந்து பேர் வரை. உள்ளாட்சிகளிலிருந்து ஐந்து பேர் வரை. அரசுக்குச் சொந்தமான நிறுவனங்களின் சார்பில் இரண்டு பேர். உறுப்பினர் செயலரையும் அரசே போடுகிறது. விவசாயம், மீன்பிடிப்பு, தொழில், வணிகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று பேர் வரை, அவர்களையும் தேர்ந்தெடுப்பது அரசுதான். 5-ஆம் பிரிவின்படி, விளக்கம் கேட்டுவிட்டு எந்த உறுப்பினரையும் பதவிக்காலம் முடியுமுன் அரசு நீக்கலாம். 18-ஆம் பிரிவின்படி, அரசு எழுத்தில் கொடுக்கும் உத்தரவுக்கு வாரியம் கட்டுப்பட்டே தீர வேண்டும். படித்து முடித்ததும் காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர், அந்த மூன்று பேரில் மீன் பிடிக்கிற ஆள் ஒருவராவது இருந்தே ஆகவேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். எங்கும் எழுதியிருக்கவில்லை.

இந்தப் பிரிவுகளை எங்கள் ஊரில் வைத்துப் பார்த்தால் நோய் விளங்கும். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கலந்த அனல்மின் நிலையம் மாநில அரசின் மின் நிறுவனத்துடையது. கொடுங்கையூரில் முந்நூறு ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் குப்பை மலை மாநகராட்சியுடையது. அதே கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை வேண்டும் என்கிறதும் மாநகராட்சிதான். அதை எதிர்த்து 2025 மே மாதம் எங்கள் மக்கள் கைகோத்துத் தெருவில் நின்றார்கள். வாரியத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சட்டம் யாரை அழைக்கிறதோ, அவர்களே இங்கே ஆற்றையும் காற்றையும் கெடுத்தவர்களின் பட்டியலிலும் இருக்கிறார்கள்.

சாம்பல் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்து செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குக் குழாய்கள் போகின்றன. சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் உடைந்து ஒழுகின. ஒழுகியது கொசஸ்தலையில் படிந்தது. ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற இடங்களில் முழங்கால் ஆழம்கூட இல்லை என்பார்கள் எங்கள் பெரியவர்கள். இறால் முட்டையிட்டுப் பெருகும் சேறு மூடிப்போனது. கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்த இருளர் குடும்பங்களின் விரல்களில் சாம்பல்தான் சிக்கியது. இந்த ஒழுகலைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை, கரையில் நின்றாலே தெரியும். இருந்தும், தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, நிபுணர் குழு அமைத்து, 2022-ல் உத்தரவு போட வேண்டியிருந்தது. தனியார் ஆலை ஒன்று இதே அளவுக்கு ஆற்றில் கொட்டியிருந்தால் மின் இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரம் வாரியத்துக்கு இருக்கிறது. நீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவு அதற்காகத்தான் இருக்கிறது. மின்சாரம் தயாரிக்கும் அரசு நிறுவனத்தின் மேல் அந்தப் பிரிவை எடுத்து வீச, அரசு போட்ட வாரியத்துக்கு எங்கிருந்து துணிவு வரும்?

2024 டிசம்பரில் எர்ணாவூரில் எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. திட்டம் அரசு நிறுவனத்துடையது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கூட்டத்தை ஏற்பாடு செய்வது வாரியம், நடத்தித் தருவது மாவட்ட நிர்வாகம். விண்ணப்பம் போட்டவரும் விசாரிப்பவரும் ஒரே குடும்பம். மைக்கைப் பிடித்துப் பேசிய தாய்மார்கள் யாரிடம் முறையிட்டார்கள்?

2023 டிசம்பரை எங்கள் ஊர் மறக்காது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்கு இறங்கி, எண்ணூர்க் குப்பங்களின் படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் கரியாய்ப் படிந்தது. கூழைக்கடாக்கள் சிறகு விரிக்க முடியாமல் கரையில் நின்றன. குழாயில் கசிவு இல்லை என்று சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலைத் தரப்பு சொன்னது. அந்த ஆலையின் மழைநீர் மேலாண்மை போதாது என்று வாரியமே பின்னால் கண்டது. 1965-ல் தொடங்கிய நிறுவனத்தின் ஆலை அது. மழைத்தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும், அதில் எண்ணெய் கலந்தால் எங்கே தடுப்பது என்று வெள்ளம் வருவதற்கு முந்தின நாள்வரை யாரும் பார்க்காமல் விட்டதே எங்கள் குற்றச்சாட்டு. எண்ணெயை அள்ளியது யார்? முதலில் இறங்கியவர்கள் மீனவர்கள், பக்கெட்டும் மக்கும் வைத்துக்கொண்டு. நிவாரணமாக 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய் அரசு அறிவித்தது. ஒரு வலையின் விலை தெரிந்தவர்கள் அந்தத் தொகையை எடைபோட்டுக்கொள்ளட்டும்.

பக்கெட் எங்களுக்குப் புதிதும் இல்லை. 2017 ஜனவரி 28 அதிகாலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கடலுக்குப் பாதிப்பில்லை என்றுதான் முதல் செய்தி வந்தது. சில நாளில் கரை முழுக்க எண்ணெய்ச் சேறு. அப்போதும் மாணவர்களும் மீனவர்களும் கையுறைகூடச் சரியாக இல்லாமல் வாளியால் அள்ளினார்கள். ஏறத்தாழ ஏழு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை ஒரே கடலில் ஒரே வாளி. முதல் விபத்தில் கற்றுக்கொண்டிருக்க வேண்டியதை யார் கற்க வேண்டும், கற்றார்களா என்று யார் கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் ஒரு பெயர் இல்லை.

2023-ன் எண்ணெய் காய்வதற்குள் அம்மோனியா வந்தது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரம். பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து வாயு கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்த ஜனங்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள், எந்தப் பக்கம் ஓடினால் பிழைக்கலாம் என்று சொல்ல ஒரு ஒலிபெருக்கி இல்லை. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில். வாரியம் அளந்தபோது காற்றில் ஒரு கனமீட்டருக்கு 400 மைக்ரோகிராம் இருக்க வேண்டிய அம்மோனியா 2,090 இருந்தது. கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரம்பு, இருந்தது 49. புயலில் புரண்ட பாறைகள் குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று தொழில்நுட்பக் குழு சொன்னது. அப்படியானால் புயல் கரையைக் கடந்து மூன்று வாரத்துக்குப் பிறகு, குழாயை யாரும் சோதிக்காமல் வாயுவைச் செலுத்தும் வேலை எப்படித் தொடங்கியது? வாரியம் 5.92 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. விபத்துக்குப் பிறகு கணக்குப் போட்டு வசூலிப்பது ஒரு வேலை. விபத்துக்கு முந்தின நாள் குழாயைத் தட்டிப் பார்ப்பது வேறு வேலை. முப்பத்து மூன்று மீனவ கிராமங்கள் வாரக்கணக்கில் ஆலை வாசலில் உட்கார்ந்தது இரண்டாவது வேலையைச் செய்ய ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகத்தான்.

வாரியத்தின் பொறியாளர்களைக் குறைத்துப் பேசுவது எங்கள் நோக்கம் இல்லை. மேற்சொன்ன அளவுகளை எடுத்தவர்களும் அவர்களே. நேர்மையாக உழைக்கிறவர்களை நாங்கள் அறிவோம். ஆனால் 2024-ல் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வந்த கணக்கின்படி நாடெங்கும் மாநில வாரியங்களில் ஏறத்தாழ பாதிப் பணியிடம் காலி. வாரியத்தின் முக்கிய வருவாய் ஆலைகள் இசைவாணைக்காகக் கட்டும் கட்டணம். ஆலையின் புகைபோக்கியில் இருக்கும் அளவுக் கருவியை வாங்கிப் பொருத்திப் பராமரிப்பது அந்த ஆலையே. அது அனுப்பும் எண்தான் வாரியத்தின் கிண்டி அலுவலகத் திரையில் ஓடுகிறது. கத்திவாக்கத்தில் எங்கள் உறுப்பினரான ஒரு அம்மா, இரவு மூன்று மணிக்கு நெடி தாங்காமல் ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். காலை பத்தரைக்கு ஆள் வந்தார். கடற்காற்று எல்லாவற்றையும் கலைத்துவிட்டிருந்தது. இப்போது ஒன்றும் தெரியவில்லையேம்மா என்று எழுதிக்கொண்டு போனார். வந்தவரும் பொய் சொல்லவில்லை, அம்மாவும் பொய் சொல்லவில்லை. இரவு மூன்று மணிக்கு விழித்திருக்கும்படி எந்த அமைப்பும் அமைக்கப்படவில்லை.

தீர்ப்பாயம் இருக்கிறதே என்பார்கள். அதை மதிக்கிறோம், அது இல்லாவிட்டால் சாம்பல் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டே இருந்திருக்கும். ஆனால் தீர்ப்பாயம் அறிக்கை கேட்பது பெரும்பாலும் இதே வாரியத்திடம்தான். நீதிமன்றம் ஒரு கெடுதலை நிறுத்தும்போது அது எங்கே போய் இறங்குகிறது என்று பார்க்க ஆள் இல்லை என்பதற்கு ராயபுரமே சாட்சி. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளக் கூடாது என்று 2011-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. ராயபுரத்து மாடிகளில் காய்ந்த துணி கறுப்பாவது நின்றது, அது பெரிய நிம்மதி. அந்த நிலக்கரி எண்ணூருக்கு வந்தது. வடசென்னையின் தென்முனையில் துடைத்த தூசி வடமுனையில் படிந்தது. இரண்டு முனையையும் ஒரே ஊராகப் பார்க்கும் அமைப்பு ஒன்று இருந்திருந்தால், அந்த மாற்றத்துக்கு முன்பே எண்ணூர் எவ்வளவு தாங்கும் என்று கேட்டிருக்கும்.

இதில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். கழிமுகத்தில் இப்போது காக்கா ஆழி என்ற அந்நியச் சிப்பி அடை அடையாக ஒட்டி, இறால் நடமாடும் சேற்றை மூடுகிறது. கப்பல்களில் நிரப்பிக் கொட்டும் தண்ணீரோடு வந்ததாகக் கருதப்படுகிறது. இதற்குப் பொறுப்பு யார் என்று கேட்டால் துறைமுகம், நீர்வளத்துறை, மீன்வளத்துறை, வாரியம் என்று நான்கு வாசல். எங்கள் ஆட்கள் நான்கிலும் மனு கொடுத்திருக்கிறார்கள்.

தனி அமைப்பு வேண்டும் என்பது நாங்கள் இன்று கண்டுபிடித்த கோரிக்கை இல்லை. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 3(3) பிரிவு, தனி அதிகார அமைப்பை உருவாக்க மத்திய அரசுக்கு வழி செய்துள்ளது. பாலாற்றைத் தோல் ஆலைகள் கெடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவின் கீழ் ஓர் அமைப்பை ஏற்படுத்தச் சொல்லி, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் அது அமைந்தது. 1998-ல் டெல்லிப் பகுதிக்கு அதே பிரிவின் கீழ் ஓர் ஆணையம் வந்தது, இருபது ஆண்டுக்கு மேல் இயங்கியது. 2011 ஜூலையில் லஃபார்ஜ் சுரங்க வழக்கில், நாடு முழுமைக்கும் ஒரு சுதந்திரமான ஒழுங்காற்று அமைப்பு வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அமையாததால் 2014 ஜனவரியில் மறுபடியும் உத்தரவிட்டு, மார்ச் 31-க்குள் அமைக்கக் கெடு கொடுத்தது. அதே ஆண்டு மத்திய அரசே அமைத்த டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் குழுவும் தேசிய அளவில் ஒன்று, மாநில அளவில் ஒன்று என்று பரிந்துரைத்தது. 2017-ல் மாநில வாரியங்களின் நியமனத்துக்குத் தகுதி விதிகளை ஆறு மாதத்தில் வகுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2014-ன் கெடு முடிந்து பத்தாண்டு தாண்டிவிட்டது. நாட்டின் உச்ச நீதிமன்றம் நாள் குறித்துச் சொன்ன ஒன்றை இத்தனை காலம் கிடப்பில் போட்ட மத்திய அரசுகளை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

கிடப்பில் போட்டதோடு நிற்கவும் இல்லை. சுற்றுச்சூழல் சட்டத்தை மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை என்று இருந்தது. 2023-ன் ஜன் விஸ்வாஸ் சட்டம் அந்தச் சிறையை எடுத்துவிட்டு, 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றியது. 2024-ல் நீர்ச் சட்டத்திலும் அதே வழி; கூடவே, அந்தத் திருத்தத்தை ஏற்கும் மாநிலங்களில், மாநில வாரியத் தலைவரை எப்படி நியமிப்பது என்று விதி வகுக்கும் உரிமை மத்திய அரசுக்குப் போகிறது. ஓர் அரசின் கையிலிருந்து இன்னோர் அரசின் கைக்கு மாறுவதைச் சுதந்திரம் என்று நாங்கள் எடுத்துக்கொள்ள மாட்டோம். 2025 ஆகஸ்டில் வந்த சுற்றுச்சூழல் தணிக்கை விதிகள் தனியார் தணிக்கையாளர்களைப் பதிவு செய்து ஆய்வுக்கு அனுப்ப வழி செய்கின்றன. வாரியத்தில் காலியான நாற்காலிகளை நிரப்பாமல், பொறுப்பை வெளியே கொடுக்கிறார்கள். பதினைந்து லட்சம் ரூபாய் பெரியகுப்பத்தில் ஒரு குடும்பத்துக்கு வாழ்நாள் சேமிப்பு. ஒரு சுத்திகரிப்பு ஆலைக்கு அது எத்தனை நிமிட உற்பத்தி?

உலகத்தில் எங்கும் இல்லாததை நாங்கள் கேட்கவில்லை. நியூசிலாந்தில் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சுற்றுச்சூழலுக்கு ஒரு நாடாளுமன்ற ஆணையர் இருக்கிறார். அவர் பதில் சொல்வது அமைச்சருக்கு இல்லை, நாடாளுமன்றத்துக்கு. இங்கிலாந்தில் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி சுற்றுச்சூழல் பாதுகாப்பு அலுவலகம் அமைந்தது. அரசுத் துறைகள் தங்கள் கடமையைச் செய்கின்றனவா என்று விசாரிப்பதும், தேவைப்பட்டால் அவற்றை நீதிமன்றத்துக்கு இழுப்பதும் அதன் வேலை. ஆறுகளில் கழிவுநீர் கொட்டிய விவகாரத்தில் சுற்றுச்சூழல் அமைச்சகம், சுற்றுச்சூழல் முகமை, நீர்த்துறை ஒழுங்காற்று அமைப்பு ஆகிய மூன்றுமே சட்டத்தை மீறின என்று அது 2024 டிசம்பரில் அறிவித்தது. அரசுப் பணத்தில் நடக்கிற ஓர் அமைப்பு அரசைப் பார்த்து நீ தவறினாய் என்று சொல்லிவிட்டு மறுநாளும் வேலைக்கு வர முடிகிறது. எண்ணூரில் சாம்பல் ஒழுகிய ஆண்டுகளில் அப்படிச் சொல்ல ஒரு வாய் எங்களுக்கு இருந்ததில்லை.

மாநில அரசு புதுச் சட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் பல உண்டு. வாரியத் தலைவரைத் தேர்வு செய்யும் குழுவில் எதிர்க்கட்சித் தலைவரையும் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பரிந்துரைக்கும் ஒருவரையும் சேர்த்து, தகுதிகளை வெளிப்படையாக விளம்பரம் செய்து நியமிக்கட்டும். அதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வாரியத்தில் விவசாயம், மீன்பிடிப்பு, தொழில், வணிகத்துக்கென உள்ள மூன்று இடங்களில் ஒன்றைக் கழிமுக மீனவருக்குக் கொடுக்கட்டும், அது பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. இறால் குறைந்ததை முதலில் அறிகிறவர்கள் கூடை சுமக்கிறவர்களே. சட்டத்தைத் திருத்தியாவது இசைவாணைக் கட்டணம் அரசுக் கருவூலத்துக்குப் போகட்டும், வாரியத்தின் செலவைச் சட்டமன்றம் விவாதித்து ஒதுக்கட்டும், ஆண்டறிக்கை அவையில் வைக்கப்படட்டும். எர்ணாவூர், பெரியகுப்பம், கத்திவாக்கம், திருவொற்றியூர் ஆகிய இடங்களில் ஆலைக்குச் சம்பந்தமில்லாத பொதுக் கருவிகள் நிற்கட்டும். அளவுகள் தெருமுனைப் பலகையில் தமிழில் ஓடட்டும், வரம்பைத் தாண்டினால் சங்கு ஊதட்டும். ஒவ்வொரு குப்பத்துக்கும் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்ற வரைபடமும் பயிற்சியும் வேண்டும். மத்திய அரசு 3(3) பிரிவின் கீழ் மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பகுதிக்குத் தனி ஆணையத்தை அறிவிக்க வேண்டும். மாநில மின் நிறுவனம், மாநகராட்சி, துறைமுகங்கள், மத்திய அரசின் சுத்திகரிப்பு ஆலை, தனியார் ஆலைகள் எல்லோர் வாசலிலும் முன்னறிவிப்பு இல்லாமல் நுழையும் அதிகாரம் அதற்கு இருக்க வேண்டும். டெல்லிக்கு முடிந்தது எண்ணூருக்கு ஏன் முடியாது என்பதற்கு எழுத்தில் பதில் தரட்டும்.

முதல் வேலையாக, 2024 அக்டோபர், நவம்பர் மாதங்களில் கிராமத் தெருப் பள்ளியில் எடுத்த காற்று அளவுகள் அத்தனையையும், மணி வாரியாக, சுற்றிலும் இருந்த ஆலைகளின் புகைபோக்கி அளவுகளோடு சேர்த்து, தமிழில் வெளியிடக் கோருகிறோம். இந்த அறிக்கையின் நகல்கள் முதலமைச்சருக்கும், மத்திய, மாநிலச் சுற்றுச்சூழல் அமைச்சர்களுக்கும், வாரியத் தலைவருக்கும், எங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்பப்படுகின்றன. அந்த அளவுகள் வெளிவரும்வரை ஒவ்வொரு மாதமும் 25-ஆம் தேதி மாலை, பள்ளி விடும் நேரத்தில், பெற்றோரோடு கிராமத் தெருவில் நிற்போம்.

இவண்,
செயற்குழு உறுப்பினர்கள்
திருவொற்றியூர், சென்னை